டூட்டி டாக்டர் கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கள்

மார்பில் கட்டி என்றதும் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எவ்வளவு ஆகும் என்றுதான் எல்லோரும் ஓடுகிறார்கள். அதைப் பற்றியும் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. அட்மிஷன் போடும்போது டூட்டி டாக்டர் வந்து கேட்பார் இல்லையா, அந்தக் கேள்விகளுக்கு நோயாளிதான் பதில் சொல்ல வேண்டும். கூட வந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. என் இன்ஷூரன்ஸ் பணம் மாதக்கணக்கில் முடங்கியதும், தாலியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போனதும் இந்த ஒரு விஷயத்தால்தான்.

அண்ணாகிராமம் ஒன்றியத்தில் எங்கள் ஊர். கரும்பு, நாலு பலா மரம், ரோட்டோரமாக ஒரு உரக்கடை. 2024-ல் குளிக்கும்போது கட்டி கையில் தட்டுப்பட்டது. பண்ருட்டியில் லேடி டாக்டர், மேமோகிராம், ஸ்கேன் எல்லாம் அந்த வாரமே முடிந்தது. பயாப்ஸிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். திரைக்கு உள்ளே நர்ஸ் எனக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே டூட்டி டாக்டர், படித்து முடித்து வந்த சின்னப் பையன், "எவ்ளோ நாளா இருக்கு?" என்று கேட்டான். துணைக்கு வந்திருந்த என் நாத்தனார் முந்திக்கொண்டார்.

"அது ஆச்சு சார் ரெண்டு மூணு வருஷம். மாசா மாசம் வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிகிட்டே இருப்பா."

"அண்ணி, அது வேற வலி" என்று உள்ளேயிருந்து கத்தினேன். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் பஞ்சு. அவர் சொன்னது மாதவிலக்கு சமயத்து வலியை. பையன் எழுதியது கட்டியை. கேஸ் ஷீட்டில் நீல பால்பாயின்ட் பேனாவில், கோழி கிறுக்கலாக, அரை வரி: கட்டி, மூன்று வருடமாக.

எங்கள் பாலிசிக்கு அப்போது மூன்றாவது வருஷம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அரை வரியைப் பிடித்துக்கொண்டு, "பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்" என்று கம்பெனி கேஷ்லெஸ்ஸை மறுத்தது. பில் கட்டிவிட்டுப் பணம் கேட்டாலும் அதே பதில். அடுத்து வந்த கீமோ பில்களுக்கும் அதே கடிதம், தேதியை மட்டும் மாற்றி.

"முன்பே இருந்த நோய்" என்றால் என்ன

இதை யாரும் சொல்லித் தரவில்லை, சென்னையில் வேலை பார்க்கும் என் பையன் படித்துச் சொன்னான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த விதிப்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அதற்காக ஒரு டாக்டர் ஆலோசனையோ சிகிச்சையோ கொடுத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அது முன்பே இருந்த நோய். நாத்தனாருக்குத் தோன்றியதெல்லாம் அதில் சேராது. உண்மையிலேயே முன்பே இருந்த நோய்க்கும் 4 வருஷமாக இருந்த காத்திருப்பு 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 3 வருஷம் என்று ஆகிவிட்டது. 5 வருஷம் விடாமல் பாலிசி கட்டியிருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்தீர்கள் என்று சொல்லிப் பணத்தை மறுக்க முடியாது.

கேஸ் ஷீட்டைத் திருத்தித் தரச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ரெக்கார்டில் கை வைக்க முடியாது என்றார்கள். கடைசியில் என்னைப் பார்த்த சர்ஜனே லெட்டர்ஹெட்டில், கட்டி சமீபத்தில்தான் தெரியவந்தது, முன்பு சொன்னது மாதவிலக்கு வலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்குப் புண்ணியம். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை தேனாம்பேட்டையில் ஆபீஸ். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. நானும் போனேன். விசாரணையில் ஆம்புட்ஸ்மேன் கேட்ட ஒரே கேள்விதான் கம்பெனிக்காரரை மடக்கியது: "பாலிசிக்கு முன்னாடி இவங்களை இந்தக் கட்டிக்காக எந்த டாக்டர் பார்த்தார்? காகிதம் இருக்கா?" இல்லை. பணம் வந்தது. அடகுக் கடைக்குக் கட்டிய வட்டி வரவில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன்

பயாப்ஸி எடுத்த முதல் ஆஸ்பத்திரியில் ரிசல்ட் வந்த அன்றே, "நாளைக்கே மார்பை எடுத்திடலாம்" என்றார்கள். வீட்டிலும் முழுசாக எடுத்தால்தான் நிம்மதி என்று ஒரே பேச்சு. ஊசி குத்தியதாலேயே பரவிவிடும் என்றார் ஒருவர். பயாப்ஸி ஊசியால் கேன்சர் பரவும் என்று பயந்து காலத்தைக் கடத்துகிறவர்களைத்தான் நோய் முந்திக்கொள்கிறது. இன்னொருவர் முள்சீத்தா இலையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். அது மாட்டுக் கொட்டகையில் காய்ந்தது.

நான் இரண்டாவது கருத்து கேட்டே தீருவேன் என்று நின்றேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனோம். போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. பயாப்ஸி எடுத்த இடத்தில் ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் என்றால் சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகு ஊற்றி, நடுவில் உங்கள் சதைத் துணுக்கை வைத்திருப்பார்கள். அது இருந்தால் மறுபடி குத்தாமலே இன்னொரு லேப் பார்த்துச் சொல்லிவிடும். கைப்பையில் வைத்தால் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐ.எச்.சி. என்ற டெஸ்ட் இல்லாமல் எந்த முடிவுக்கும் தலையாட்டாதீர்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் அதில் வரும். ஹெர்-2 பக்கத்தில் 2+ என்றிருந்தால் ஃபிஷ் டெஸ்ட் செய்து உறுதிப்படுத்த வேண்டும். எனக்கு 3+, அதாவது ஹெர்-2 பாசிட்டிவ். அதைப் பார்த்ததும் அடையாறில் வரிசையையே மாற்றிச் சொன்னார்கள்: முதலில் கீமோவும் ஹெர்-2-வுக்கான டிராஸ்டுசுமாப் ஊசியும், கட்டி சுருங்கிய பிறகு ஆபரேஷன். முதல் ஆஸ்பத்திரி அவசரப்பட்டபடி மறுநாளே கத்தி வைத்திருந்தால் முழு மார்பும் போயிருக்கும். கட்டி சுருங்கியதால் அதை மட்டும் எடுத்து, மேலே ரேடியேஷன் கொடுத்தார்கள்.

முழுசாக எடுக்காமல் விட்டதற்கு இன்றைக்கும் என்னைக் குற்றவாளி போலப் பார்க்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு: அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்த்தோ வெரோனேசியும் ஆளுக்கொரு பெரிய ஆய்வு நடத்தி, பெண்களை 20 வருஷம் தொடர்ந்து பார்த்து 2002-ல் முடிவு வெளியிட்டார்கள். கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களும் மார்பையே எடுத்தவர்களும் உயிர் வாழ்ந்ததில் வித்தியாசம் இல்லை. கட்டியின் அளவும் இடமும் ஒத்துவர வேண்டும், ரேடியேஷனைப் பாதியில் விடக் கூடாது, அவ்வளவுதான்.

அடையாறில் சொன்ன சிகிச்சையைப் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்தேன். "ஜிப்மர் பக்கத்துலயே இருக்க, காசைக் கரைக்கிறியே" என்றார்கள். ஜிப்மரில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் போய் வரிசையில் நிற்க எனக்குத் தெம்பில்லை. அப்புறம், பிரீமியம் கட்டியது எதற்கு? நம்மைப் போலப் பாலிசி வைத்திருக்கிறவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் வேண்டும். பாலிசி இல்லாதவர்களுக்கு, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் பதிந்துகொள்ளுங்கள்.

காசு ஒழுகும் ஓட்டைகள்

ரூம் வாடகை: 5 லட்சம் பாலிசியில் வாடகை வரம்பு 1 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். நீங்கள் 7,000 ரூபாய் ரூமில் படுத்தால் அந்த 2,000 மட்டும் போகாது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றிலும் ஏழில் ஐந்து பங்குதான் தருவார்கள். மருந்துக்கும் டெஸ்டுக்கும் அந்த வெட்டு கிடையாது. அட்மிஷன் கவுன்டரில், "என் லிமிட்டுக்குள்ள இருக்கற ரூம் குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கீமோ போட்டுக்கொண்டு சாயங்காலமே வீடு திரும்பினாலும் அது டே-கேர். 24 மணி நேரம் படுக்கவில்லை என்று தள்ள முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் டே-கேர் என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன்.

டிராஸ்டுசுமாப் மாதிரி மருந்தை, "புது வகை சிகிச்சை, கவர் ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இம்யூனோதெரபி ஊசி, மாத்திரையாகத் தரும் கீமோ உட்பட 12 நவீன சிகிச்சைகளை விலக்கக் கூடாது என்று 2019-லேயே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிவிட்டது. ஆனால் இதற்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். பாலிசியின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். அதனால்தான் நான் வெளிநாட்டு அசல் மருந்தைக் கேட்காமல், அதற்கு இணையாக 2014 முதல் இங்கே கிடைக்கும் பயோசிமிலருக்கு ஒத்துக்கொண்டேன். "பலன்ல குறைவு கிடையாதும்மா" என்றார் டாக்டர். எங்கள் வீட்டுக்காரர்தான் அசலே வேண்டும் என்று கௌரவம் பார்த்தார்.

ரேடியேஷன் 25 நாளா, 15 நாளா என்று கேளுங்கள். பலருக்கு 15 போதும். நாள் குறைந்தால் தினமும் போய்வரும் செலவும் குறையும், அது பொதுவாகப் பாலிசியில் வராது.

கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் அனுமதி என்று 2024 மே மாதம் விதி வந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில், "ராத்திரி ஆகும்" என்றால் இதைச் சொல்லிப் பாருங்கள், குரல் மாறும்.

துணைக்கு ஆள் கூட்டிப் போகும்போது பாசமான ஆளைவிட, அதிகம் பேசாத ஆளாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். இதைப் படித்தால் அண்ணி கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். போன மாதம் அவர் எடுத்த பாலிசிக்கு ப்ரொபோசல் ஃபார்மை நிரப்பிக் கொடுத்ததே நான்தான். ஏஜென்ட், "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுங்க" என்றார். அவரை உட்கார வைத்துவிட்டு, அண்ணிக்கு இருக்கும் சர்க்கரை, பிரஷர், முட்டி வலி என்று ஒன்று விடாமல் எழுதி, ஒரு ஜெராக்ஸும் எடுத்து வைத்திருக்கிறேன்.