செவிவழிக் காட்சி

கண்டதைக் கண்டவாறே பிறர்க்கு எடுத்துரைத்தல் எளிய செயல் அன்று. கண்ட பொருள் அசையாது நிற்பதாயின், சொற்களை ஆராய்ந்து தேர்ந்து கூறலாம். நொடிதோறும் இடம் மாறும் பொருளைக் கூறுவோர்க்கு அத்தகைய ஓய்வு இல்லை. பாரதப் போரின் நிகழ்ச்சிகளை விழியற்ற திருதராட்டிரனுக்குச் சஞ்சயன் எடுத்துரைத்தான் என்பது இதிகாசச் செய்தி. கால்பந்தாட்டத்தை வானொலி வாயிலாக உரைக்கும் வருணனையாளர் செய்வதும் அத்தகைய தொண்டே ஆகும். வானொலியின்முன் அமர்ந்தோர், அந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை, விழியற்றவரே. அவர்க்குக் கண்ணாய் அமையும் வருணனையாளருள் சிறந்தவர் யாவர்? அவர்தம் திறத்தை அளந்தறிதற்குரிய அளவுகோல் யாது?

இவ்வளவுகோலை நேர்முக வருணனையின் தொடக்கக் காலத்திலேயே காணலாம். இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 1927ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள் ரக்பி என்னும் பந்தாட்டத்தை முதன்முதலாக நேர்முகமாக ஒலிபரப்பியது. வருணனை செய்தவர் வேக்லம் என்பவர். அவர்க்கு அருகில் பார்வையற்ற ஒருவரை அமர்த்தி, அவருக்கு ஆட்டத்தை விளக்குவதாகவே எண்ணிப் பேசுமாறு நிறுவனத்தார் ஏற்பாடு செய்தனர் என்பர். ஒரு வாரம் கழித்து, அத்திங்கள் 22ஆம் நாள், இலண்டனில் ஆர்சனல் அணியும் ஷெப்பீல்டு யுனைடெட் அணியும் ஆடிய கால்பந்தாட்டத்தையும் வேக்லமே வருணித்தார். ஆடுகளத்தை 8 கட்டங்களாகப் பகுத்த படம் ஒன்று ‘ரேடியோ டைம்ஸ்’ இதழில் முன்னரே அச்சிடப்பட்டிருந்தது. வேக்லம் ஆட்டத்தை உரைக்க, பந்து நிற்கும் கட்டத்தின் எண்ணை மற்றொருவர் கூறினார். நேயர்கள் படத்தை எதிரில் வைத்துக்கொண்டு பந்தின் போக்கினை அறிந்தனர். ஆட்டம் 1-1 என்னும் கணக்கில் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

வருணனையாளர்க்கு வேண்டப்படும் முதற்பண்பு இதனால் விளங்கும். அஃதாவது, பந்து எங்குள்ளது, யாரிடம் உள்ளது, எத்திசை நோக்கிச் செல்கின்றது என்பவற்றை இடைவிடாது உணர்த்துதல். இதனைச் சோதித்தறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு தாளில் ஆடுகளத்தை வரைந்துகொண்டு, வருணனையைக் கேட்கும்போதே பந்து செல்லும் வழியைப் பென்சிலால் கோடிட்டு வருதல் வேண்டும். கோடு தொடர்ந்து செல்லுமாயின் வருணனை நன்று. பென்சில் வழியறியாது நிற்குமாயின், வருணனையாளர் எத்துணை இனிய குரலினராயினும், தம் கடமையில் தவறினார் என்பது பொருள்.

இரண்டாவது பண்பு, கோல் எண்ணிக்கையையும் கழிந்த நேரத்தையும் அடிக்கடி நினைவூட்டுதல். நேயர் அனைவரும் தொடக்கத்திலிருந்தே கேட்பவர் அல்லர். இடையில் வந்து செவிசாய்ப்போர் பலர். எந்த அணி முன்னிற்கின்றது என்பதனை அறியாதவர்க்கு ஆரவாரம் வெற்றொலியேயாகும்.

மூன்றாவது பண்பு, நிகழ்ச்சியின் வரிசை பிறழாமல் உரைத்தல். 1954ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உலகக் கோப்பை இறுதியாட்டம் மழையினிடையே நடைபெற்றது. ஹங்கேரி அணி முதல் 8 நிமிடங்களில் 2 கோல்களை அடித்தது. மேற்கு ஜெர்மனி அவற்றை ஈடுசெய்தது. 84ஆம் நிமிடத்தில் ரான் என்பவர் வெற்றிக் கோலை அடித்தார். அக்காலத்து மேற்கு ஜெர்மனியில் தொலைக்காட்சிப் பெட்டிகள் மிகச் சில. ஆதலின் மக்களிற் பெரும்பாலோர்க்கு ஹெர்பர்ட் சிம்மர்மன் என்னும் வானொலி வருணனையாளரே கண்ணாயினார். பந்து பக்கத்திலிருந்து உள்ளே வந்ததையும், தலையால் முட்டப்பட்டதையும், எதிரணியினர் அதனைத் தடுத்ததையும் அவர் நிரலே கூறினார். பின்னிருந்து வரும் ரான் இனி உதைத்தல் வேண்டும் என்பதனைக் கோல் விழுமுன்னரே உரைத்தார். ஆதலின் கோல் என்னும் சொல் ஒலித்தபோது, நேயர் அதனைக் கேட்டதோடமையாது கண்டவரும் ஆயினர். அத்தகையவரும் உணர்ச்சிப் பெருக்கால், பந்தைத் தடுத்த டூரெக் என்னும் வீரரைக் கடவுள் எனப் புகழ்ந்து கண்டனத்திற்கு ஆளானார். மிகைச்சொல் ஆற்றல் மிக்கோரையும் இழுக்கச் செய்யும்.

நான்காவதும் தலையாயதுமான பண்பு வாய்மை. பிரேசில் நாட்டில் புகழ்பெற்ற இசையாசிரியராய் விளங்கிய அரி பரோசோ வானொலி வருணனையும் செய்தார். அவர் பிளமெங்கோ அணியின் பேரன்பர். கோல் விழுந்தால் மௌத்தார்கன் என்னும் சிறு வாத்தியத்தை ஊதுவார். எதிரணியினர் பந்துடன் நெருங்கினால், தாம் அதனைக் காணவும் விரும்பவில்லை என்று கூறிவிடுவார் என்பர். கேட்போர் நகைத்து மகிழ்ந்தனர். ஆயினும், வருணனையாளர் கண்ணை மூடிக்கொண்டால் நேயர்க்குக் காட்சி ஏது?

இதனோடு ஒப்பிடத்தக்கது மற்றொரு நிகழ்ச்சி. 1986ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் மெக்சிகோ நகரில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் ஆடின. மாரடோனா பந்தைக் கையால் தட்டிக் கோலுக்குள் செலுத்தினார். நடுவர் அதனை அறியாது கோல் என அறிவித்தார். அர்ஜென்டினா நேயர்க்கு வருணனை செய்தவர் விக்டர் ஊகோ மொராலெஸ். அவர் உருகுவே நாட்டிற் பிறந்தவர். எனினும் அர்ஜென்டினாவின் வெற்றியை விரும்பியவர். கோலால் விளைந்த மகிழ்ச்சியை அவர் மறைத்திலர். ஆயினும், தம் கருத்தில் அது கையால் அடித்த கோல் என்பதனை ஒலிவாங்கியின்முன் அப்போதே கூறினார். சில நிமிடங்களில் மாரடோனா தம் பாதியிலிருந்து புறப்பட்டு, எதிரணியினர் பலரைக் கடந்து ஓடி இரண்டாம் கோலை அடித்தார். மொராலெஸ் கண்ணீர் மல்க அவரைப் பட்டத்திற்கு உவமித்துப் போற்றினார். முன்னதன் குறையை உரைத்த நாவே பின்னதன் நிறைவைப் புகழ்ந்தது. ஆதலின் அப்புகழ் மதிப்புப் பெற்றது. ஓரணியிடம் அன்பு கொள்ளுதல் குற்றம் அன்று. அவ்வன்பு கண்ணை மறைக்க விடுதலே குற்றம்.

இக்காலத்தில் தொலைக்காட்சி எங்கும் பரவியுள்ளது. எனினும் வருணனையின் தேவை ஒழிந்திலது. சில நாடுகளில், ஆடுகளத்திற்கே வந்திருக்கும் பார்வையற்ற அன்பர்க்கெனத் தனி வருணனை செவிக்கருவி வழியே வழங்கப்படுகின்றது. அவர்கள் பல்லாயிரவர் நடுவே அமர்ந்து, மற்றையோர் எழுந்து ஆர்ப்பரிக்கும்போது தாமும் உடன் எழுகின்றனர். காரணம் அறிந்து எழுகின்றனரா, ஓசை கேட்டு எழுகின்றனரா என்பது வருணனையாளரின் சொல்லைப் பொறுத்தது. காணாதவர் ஒருவர் தம் சொல்லை நம்பியிருக்கின்றார் என்பதனை நொடியும் மறவாதவரே சிறந்த வருணனையாளர் ஆவர்.