இ85 எரிபொருளில் எவோ: டிராக்குக்குப் போகுமுன் சில குறிப்புகள்

மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 9 காரின் 2 லிட்டர் 4ஜி63 டர்போ எஞ்சினை அமெரிக்காவில் பலர் எத்தனாலும் பெட்ரோலும் கலந்த இ85-க்கு மாற்றி டிராக்கில் ஓட்டுகிறார்கள். அந்த வேலையில் இறங்குபவர்களுக்காக:

1. பங்க்கில் இ85 என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் எத்தனால் அளவு 51 முதல் 83 சதவீதம் வரை இருக்கலாம். குளிர்காலத்தில் குறைத்துக் கலப்பார்கள். 100 மி.லி. அளவுக்குழாயில் 10 மி.லி. தண்ணீர் விட்டு, 100 கோடு வரை எரிபொருளை ஊற்றி, மூடிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். கீழடுக்கு 80-இல் நின்றால் அதில் 70 மி.லி. எத்தனால், ஊற்றிய 90-க்கு ஏறக்குறைய 78 சதவீதம். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் பாருங்கள்.

2. எத்தனால் சென்சார் பொருத்தினால் இந்தக் கவலை பெரிதும் குறையும். பரவலாகக் கிடைக்கும் வகை 50 ஹெர்ட்ஸ் காட்டினால் எத்தனாலே இல்லை. 150 என்றால் முழுக்க எத்தனால். கலவை மாறினால் இசியூ தானே சரிசெய்துகொள்ளும்படி ட்யூன் செய்ய முடியும்.

3. பெட்ரோலைவிட சுமார் 40 சதவீதம் கூடுதலாக எரிபொருளை எஞ்சினுக்குள் செலுத்த வேண்டும். எவோ 9-இன் 560 சிசி இன்ஜெக்டர்கள் போதாது. 1000 சிசிக்கு மேல் போடுங்கள். ஃப்யூயல் பம்ப்பும் எத்தனால் தாங்கும் பெரிய பம்ப்பாக இருக்கட்டும். முழு பூஸ்ட்டில் இன்ஜெக்டர் டூட்டி 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

4. காற்று-எரிபொருள் கலவையை லாம்டாவில் படியுங்கள். பெட்ரோலுக்கு 14.7, இ85-க்கு சுமார் 9.8 என்று இரண்டு கணக்கு வைத்துக்கொண்டால் டைனோவில் குழப்பம்தான் மிஞ்சும். முழு பூஸ்ட்டில் லாம்டா 0.80 பக்கம் தொடங்குவது நல்லது.

5. இக்னிஷன் டைமிங்கில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பெட்ரோலில் டைமிங்கை அதிகமாக முன்னே நகர்த்தினால் நாக்கிங் வந்து எச்சரிக்கும். எத்தனால் ஆவியாகும்போது வெப்பத்தை நிறைய உறிஞ்சும், ஆக்டேனும் அதிகம். எனவே நாக்கிங் எளிதில் எழாது. நாக் சத்தம் இல்லையே என்று ஏற்றிக்கொண்டே போனால் சிலிண்டர் அழுத்தம் மட்டும் கூடும், கனெக்டிங் ராடு வளையும். ஆகவே டைனோவில் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி டார்க்கைப் பாருங்கள். டார்க் கூடாத இடத்தில் நிறுத்தி, ஒன்றிரண்டு டிகிரி குறைத்துவிடுங்கள். நீண்ட சுற்றுகள் ஓடும் எஞ்சினுக்கு அந்தக் குறைவுதான் ஆயுள்.

6. ஒரு படி குளிர்ச்சியான ஸ்பார்க் பிளக் போட்டு, இடைவெளியைச் சற்றுக் குறையுங்கள்.

7. பழைய காராக இருந்தால், டேங்கில் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்துக்கொண்டு வரும். முதல் சில டேங்குகளுக்குப் பிறகு ஃப்யூயல் ஃபில்டரை மாற்றுங்கள். ரப்பர் குழாய்கள் எத்தனாலுக்கு ஏற்றவைதானா என்றும் பாருங்கள்.

8. குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்போது எரியாத எரிபொருள் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிராக்கில் இறங்குமுன் ஆயில் நன்றாகச் சூடாகட்டும். ஆயிலைப் பெட்ரோல் கணக்கைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள்.

9. எரிபொருள் வேகமாகத் தீரும். டேங்க் பாதிக்குக் கீழே போனால் வளைவுகளில் பம்ப்புக்கு எட்டாமல் போய், முழு பூஸ்ட்டில் கலவை மெலிந்துவிடும். கேன்களில் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

10. எத்தனால் சுவாலை பகல் வெளிச்சத்தில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. சாதாரண நுரை அணைப்பான் இதில் சரியாக நிற்காது. ஆல்கஹால் தீக்கான நுரையோ உலர்தூள் அணைப்பானோ பிட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

11. காரை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் இ85-ஐ வடித்துவிட்டு, பெட்ரோல் ஊற்றிப் பெட்ரோலுக்கான ட்யூனில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இன்ஜெக்டரும் பம்ப்பும் துருப்பிடிக்கும்.