கண்ணாடிக்குள் பூந்தோட்டம்

வங்கியிலோ தபால் நிலையத்திலோ அதிகாரியின் மேசைமேல் ஒரு கண்ணாடி உருண்டையைப் பார்த்திருப்பீர்கள். அடிப்பக்கம் தட்டை, மேற்பக்கம் கவிழ்த்த கிண்ணம் போல் குவிந்திருக்கும். உள்ளே நாலைந்து காற்றுக் குமிழிகள், சிவப்பும் பச்சையுமாக ஒரு பூ. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் காப்பது அதன் வேலை. பேப்பர் வெயிட் என்று எல்லோரும் அழைக்கும் இந்த எளிய பொருளைச் சேகரிப்பதற்கென்றே உலகில் சங்கங்களும் அருங்காட்சியகங்களும் உண்டு என்றால் நம்புவீர்களா? 1990-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஏலம் ஒன்றில் ஒரே ஒரு பழைய பிரெஞ்சு பேப்பர் வெயிட் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று.

விலை இப்படி ஏறினால் போலிகள் பெருகாமல் இருக்குமா? உண்மையையும் போலியையும் பிரித்தறிவதில் ஒரு தராசும் ஒரு பாத்திரம் தண்ணீரும் எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும் என்பதைப் பார்ப்போம். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

1845-இல் வியன்னாவில் ஒரு தொழிற்பொருட்காட்சி நடைபெற்றது. வெனிஸ் நகரத்துப் பியெத்ரோ பிகாலியா என்பவர், வண்ணக் கண்ணாடித் துண்டுகளை உள்ளே பதித்த உருண்டைகளை அங்கு வைத்திருந்தார். பிரான்சிலிருந்து சென்ற பெலிகோ என்ற வேதியியல் பேராசிரியர் அவற்றைக் கண்டு தம் நாட்டாருக்கு அறிக்கை எழுதினார். 1841-இல் யுரேனியத்தை முதன்முதலாக உலோகமாகப் பிரித்தெடுத்த அதே பெலிகோதான் இவர். அவ்வாண்டிலேயே பிரான்சின் லொரேன் பகுதியிலுள்ள சான் லூயி ஆலை, 1845 என்று உள்ளே பொறித்த பேப்பர் வெயிட்டுகளைச் செய்துவிட்டது. அடுத்த ஆண்டு அதே பகுதியின் பக்கரா ஆலையும் தொடங்கியது. பாரிசை அடுத்த கிளிஷி ஆலையும் சேர்ந்துகொண்டது. தபால் வசதி பெருகி, கடிதம் எழுதுவது ஒரு நாகரிகமாக இருந்த காலம் அது. எழுதுபொருள் கடைகளில் இவை நன்றாக விற்றன. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மோகம் தணிந்தது. சேகரிப்போர் தேடுவது இந்தச் சிறு காலத்தில் செய்தவற்றைத்தான். எகிப்து மன்னர் பாரூக், பிரெஞ்சு எழுத்தாளர் கோலெத் ஆகியோர் இப்பித்துப் பிடித்தவர்களில் பெயர் பெற்றவர்கள்.

உள்ளே இருக்கும் பூக்கள் எப்படி அத்தனை நுண்மையாக அமைந்தன? தூரிகையால் வரைந்தவை அல்ல. முதலில் வண்ணக் கண்ணாடியை அடுக்கடுக்காகச் சேர்த்துத் தடித்த உருளை ஒன்று செய்வார்கள். அதன் குறுக்குவெட்டில் பூவோ நட்சத்திரமோ இருக்கும். உருளையை உலையில் இளக்கி, இரண்டு பேர் இரு முனைகளையும் பற்றிக்கொண்டு எதிரெதிராக நடப்பார்கள். நீளம் கூடக்கூடத் தடிமன் குறையும்; ஆனால் குறுக்குவெட்டின் உருவம் மாறாது, சிறுக்க மட்டுமே செய்யும். 8 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. நீளமும் உள்ள உருளையை 8 மி.மீ. விட்டமாக இழுத்தால், பரப்பு நூறில் ஒரு பங்காகும். கன அளவு மாறாததால் நீளம் நூறு மடங்காகி 10 மீட்டர் ஆகும். இந்தக் கோலை முறுக்கு வெட்டுவது போல் துண்டு துண்டாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டின் முகத்திலும் அதே பூ. ஆயிரம் பூ என்னும் பொருளில் இத்தாலியர் இதற்கு மில்லெஃபியோரி என்று பெயரிட்டனர்.

கண்ணாடியை இழுத்து நறுக்கும் கலை நமக்குப் புதிதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே நம் கைவினைஞர்கள் கண்ணாடியை நடுவில் துளையுள்ள மெல்லிய குழாயாக இழுத்து, நறுக்கி, மணிகள் செய்தார்கள். 1945-இல் அங்கு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அம்மணிகளின் வகையைச் சேர்ந்தவை தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன. பூ இல்லை, துளை உண்டு, அடிப்படை ஒன்றுதான்.

நறுக்கிய துண்டுகளை ஓர் இரும்பு வளையத்துள் அடுக்கிச் சூடாக்குவார்கள். இரும்புக் கோலின் நுனியில் எடுத்த உருகிய தெளிகண்ணாடியை அதன்மேல் அழுத்தினால் பூக்கள் ஒட்டிக்கொண்டு வரும். அதன்மேல் இன்னும் கண்ணாடியை வாங்கி, நனைத்த மரக் குழிவில் உருட்டினால் கூரை வடிவம் கிடைக்கும். இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. பூவின் கண்ணாடியும் மேற்கண்ணாடியும் வெப்பத்தால் ஒரே அளவு விரிந்து சுருங்க வேண்டும். விரிவுக் குணகம் சற்று வேறுபட்டாலும் ஆறும்போது ஒன்று மற்றதை இழுக்கும், உருண்டை வெடிக்கும். குணகம் ஒத்திருந்தாலும் வெளிப்புறம் முன்னதாகவும் உட்புறம் பின்னதாகவும் ஆறினால் இதே தொல்லைதான். ஆகவே வேறோர் உலையில் மெல்ல மெல்ல ஆறவிடுவார்கள்.

வண்ணங்களைத் தருபவை உலோகச் சேர்மங்கள். நீலத்துக்குக் கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீசு, பச்சைக்குக் குரோமியம். எங்கள் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் தோல் தொழிற்சாலையில் தோலைப் பதப்படுத்தியதும் இதே குரோமியத்தின் சேர்மங்களே.

இனி கூரைக்கு வருவோம். அது அழகுக்காக மட்டும் அமைந்ததன்று, ஒரு குவிவில்லை. சரியான அரைக்கோளமாக இருந்து, பூக்கள் அதன் தட்டைத் தளத்தில் அமைந்திருந்தால், நேர் மேலிருந்து பார்க்கும்போது உருப்பெருக்கம் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணுக்குச் சமம். சாதாரணக் கண்ணாடிக்கு 1.5 மடங்கு. முழுக் கோளமாக இருந்து பூ அதன் அடியில் இருந்தால் 3 மடங்காகிவிடும். (மேல்வகுப்பு மாணவர்கள் இதை வளைபரப்புச் சூத்திரத்தால் கணக்கிட்டுப் பார்க்கலாம்.) பழைய உருண்டையில் கீறல் விழுந்தால் சில வியாபாரிகள் மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றி விடுவதுண்டு. பளபளப்பு திரும்பும், ஆனால் கூரை தாழ்ந்து, பூ சிறுத்துத் தோன்றும். தேய்ப்பு சீராக இல்லாவிட்டால் பார்வையை நகர்த்தும்போது பூ நெளியும். இத்தகைய துண்டைத் தேர்ந்த சேகரிப்பாளர் குறைத்தே மதிப்பிடுவார். என் கருத்தில் அது நியாயமே.

பக்கரா, சான் லூயி ஆலைகள் பயன்படுத்தியது ஈயக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியில் மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவை உண்டு, அடர்த்தி க.செ.மீ.க்கு சுமார் 2.5 கிராம். ஈயக் கண்ணாடியில் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈய ஆக்சைடு. கால்சியத்தின் அணு எடை 40, ஈயத்தின் அணு எடை 207. ஆகவே அடர்த்தி 3.1 அளவுக்கு ஏறிவிடுகிறது.

இதை அளக்க எளிய வழி உண்டு. முதலில் சமையலறை மின்னணுத் தராசில் உருண்டையை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு ஒரு பாத்திரத்தில் நீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைச் சுழியாக்குங்கள். உருண்டையை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்கள், இடம்பெயர்ந்த நீரின் எடை. அதாவது உருண்டையின் கன அளவு க.செ.மீ.இல். நீர் உருண்டையை மேலே தள்ளுகிறது; உருண்டை அதே விசையால் நீரைக் கீழே தள்ளுகிறது. ஆர்க்கிமிடீசும் நியூட்டனின் மூன்றாம் விதியும் ஒரே பாத்திரத்தில்! நீர் அறை வெப்பநிலையில் இருக்கட்டும். அடியில் துணி ஒட்டிய உருண்டையை நனைக்க வேண்டாம்.

எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு நாள் துணியில் சுற்றிய உருண்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய தாத்தா புதுச்சேரியில் வேலை பார்த்தபோது, ஊர் திரும்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவரின் வீட்டுச் சாமான்களோடு வாங்கியதாம். உள்ளே 1848 என்ற எண். தங்கையின் கல்யாணச் செலவுக்கு அதை விற்கலாம் என்று வீட்டில் பேச்சு. "சார், இது பக்கராதானே?" என்றார்.

எடை 465 கிராம். நீரில் தொங்கவிட்டபோது தராசு காட்டியது 186. வகுத்தால் 2.50.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு நல்ல இயற்பியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: "சார், உள்ளே குமிழி இருப்பதால் அடர்த்தி குறைவாகக் காட்டியிருக்கலாம் அல்லவா?" கணக்கிட்டோம். கண்ணாடி 3.1 அடர்த்தி உடையதானால் 465 கிராமுக்கு 150 க.செ.மீ. போதும். மீதி 36 க.செ.மீ. முழுவதும் காற்றாக இருக்க வேண்டும். அது 4 செ.மீ. விட்டமுள்ள குமிழி, எலுமிச்சம்பழம் அளவு. அங்கே இருந்தவை கடுகளவுக் குமிழிகள். தராசில் ஒன்றிரண்டு கிராம் பிழை இருந்தாலும் 2.53-ஐத் தாண்டவில்லை. பக்கரா அன்று. 1930-களில் சீனாவில் பிரெஞ்சு மாதிரிகளைப் பார்த்துச் சாதாரணக் கண்ணாடியில் ஏராளமாகச் செய்தார்கள். பின்னர் வேறு நாடுகளிலும் செய்தார்கள். எண்ணைப் பொறிப்பது யாருக்கும் கடினமன்று. கல்யாணச் செலவுக்கு அந்த வீட்டார் வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள். தாத்தா மட்டும் அதைப் பிரெஞ்சு உருண்டை என்றே இன்றும் சொல்கிறாராம்.

மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். விடை 3.1 என்று வந்திருந்தால் அது 1848-இல் செய்தது என்று நிரூபணம் ஆகியிருக்குமா? ஆகாது. ஈயக் கண்ணாடி இன்றும் பல நாடுகளில் செய்யப்படுகிறது. அடர்த்தி ஒருவரை வழக்கிலிருந்து விலக்கும். குற்றவாளி இவரே என்று காட்டாது. அதற்குப் பூக்களின் உருவத்தைச் சான்றுள்ள பழைய துண்டுகளோடு ஒப்பிட வேண்டும். பக்கராவின் கோல்களில் நாய், சேவல், யானை போன்ற நிழலுருவங்கள் உண்டு. அவற்றின் வளைவுகளைக் கைரேகை போல் ஒப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் நீனா என்ற ஊரின் அருங்காட்சியகத்திலும் சிக்காகோ கலைக்கூடத்திலும் உள்ள பெரிய தொகுப்புகள் இதற்கு உதவுகின்றன.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று ஒன்று எதிர்பாராமல் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் பக்கரா ஊரின் தேவாலயம் குண்டுவீச்சில் சிதைந்தது. 1951-இல் அதன் அடிக்கல்லைத் திறந்தபோது, 1853 என்று பொறித்த பேப்பர் வெயிட் ஒன்று உள்ளே இருந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வெளிச்சம் படாமலும் கீறல் விழாமலும், யாரும் தேய்த்து மெருகேற்றாமலும் இருந்த துண்டு. அந்தக் கண்டுபிடிப்புக்குப் பின், 1950-களில் பக்கரா ஆலை மறந்துபோன அக்கலையை மீண்டும் தொடங்கியது. புதியவற்றின் அடியில் ஆலையின் முத்திரையை அமிலத்தால் பொறிக்கிறார்கள். புதியதைப் பழையதாக விற்க நினைப்பவர் முதலில் தேய்த்து அழிப்பது அந்த முத்திரையைத்தான். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு லென்சால் அடிப்பகுதியைப் பார்த்தால், தேய்த்த இடத்தின் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். மேசைமேல் ஆண்டுக்கணக்கில் இயல்பாகத் தேய்ந்த கீறல்களோ பல திசைகளிலும் ஓடும்.