சுக்கும் சுண்ணாம்பும்: அளவறி வேதியியலில் ஒரு பாடம்

கேரளத்தின் கொச்சி நகரில், மட்டாஞ்சேரிப் பகுதியில் அமைந்துள்ளது ஜூ டவுன். 1568ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற பரதேசி யூதத் தொழுகைக் கூடத்தால் பெயர் பெற்ற இப்பகுதி, நெடுங்காலமாக நறுமணப் பொருள் வாணிகத்தின் நிலைக்களனாகவும் விளங்கி வந்துள்ளது. 1957ஆம் ஆண்டில் தொடங்கிய மிளகு முன்பேரச் சந்தை செயற்பட்டதும் இங்கேதான். மிளகுக்கு அடுத்தபடியாக இவ்வட்டாரத்திற்குப் பெயர் தேடித் தந்த சரக்கு சுக்கு. "கொச்சிச் சுக்கு" என்ற வணிகப் பெயரை உலகச் சந்தைகள் அறியும்.

சுக்கு இருவகையாக விற்பனைக்கு வருகிறது. தோல் சீவி வெறுமனே உலர்த்தியது ஒரு வகை. சுண்ணாம்புப் பாலில் தோய்த்து உலர்த்தி வெளுப்பாக்கியது மற்றொரு வகை. சுண்ணாம்புப் பூச்சு சுக்குக்கு வெண்மையைத் தருகிறது; பூச்சி அரிப்பதையும் ஓரளவு தடுக்கிறது. ஆனால் பூச்சு மிகுந்தால், வாங்குவோர் சுக்கின் விலையைச் சுண்ணாம்புக்குக் கொடுக்க நேரிடும். எனவே பூச்சுக்கு ஓர் எல்லை தேவைப்படுகிறது. அந்த எல்லையைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. வேதியியல் கணக்கினாலேயே அறிய இயலும்.

எடையின் கணக்கு

வேதி வினையில் பொருள்கள் மாறினும் மொத்த எடை மாறுவதில்லை. வினைபடும் பொருள்கள் குறிப்பிட்ட எடை விகிதத்திலேயே சேர்கின்றன. இவ்வகைக் கணக்கீட்டிற்கு 1792ஆம் ஆண்டில் தனிப் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய வேதியியலாளர் ரிக்டர் ஆவார்.

சுட்ட சுண்ணாம்பு என்பது கால்சியம் ஆக்சைடு. இதன் 56 கிராம், 18 கிராம் நீருடன் சேர்ந்து 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது. இது காற்றிலுள்ள 44 கிராம் கரியமில வாயுவை ஏற்று, 100 கிராம் கால்சியம் கார்பனேட்டாக மாறி, 18 கிராம் நீரை வெளிவிடுகிறது. சுக்கின்மேல் படிந்து உலர்ந்த வெண்பூச்சில் பெரும்பகுதி இந்தக் கார்பனேட்டே.

2011ஆம் ஆண்டின் இந்திய உணவுத் தர விதிமுறைகள், ஈரம் நீங்கிய எடையில் கால்சியம் ஆக்சைடின் அளவுக்கு உச்ச வரம்பு விதித்தன. வெளுக்காத சுக்குக்கு இது 1.1 சதவிகிதம், வெளுத்த சுக்குக்கு 2.5 சதவிகிதம். இடைவெளி 1.4 சதவிகிதம். 56 பங்கு ஆக்சைடு 100 பங்கு கார்பனேட்டுக்குச் சமமாதலால், 1.4 கிலோ ஆக்சைடு 2.5 கிலோ கார்பனேட்டைக் குறிக்கும். நூறு கிலோ உலர்ந்த சரக்கில் இரண்டரைக் கிலோ வெண்பூச்சு என்பது வணிகத்தில் சிறிய அளவன்று.

கரைசலின் கணக்கு

சுக்கிலுள்ள கால்சியத்தை அளக்கும் முறை பின்வருமாறு. எடையிட்ட சுக்குத்தூளை எரித்துச் சாம்பலாக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து வடிகட்டுவர். அம்மோனியம் ஆக்சலேட்டும் அம்மோனியாவும் சேர்த்தால், கால்சியம் ஆக்சலேட் வெண்ணிற வீழ்படிவாக இறங்கும். அதனை நன்கு கழுவி, சூடான நீர்த்த கந்தக அமிலத்தில் கரைப்பர். பின்னர் ப்யூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பர். ஆக்சலேட் உள்ளவரை ஊதா நிறம் மறைந்துகொண்டே வரும். ஆக்சலேட் தீர்ந்ததும் விழும் ஒரு சொட்டு, மறையாத இளஞ்சிவப்பைத் தரும். அதுவே முடிவு நிலை.

வீழ்படிவைச் சரியாகக் கழுவாவிடில், அதில் தங்கிய அம்மோனியம் ஆக்சலேட்டும் பெர்மாங்கனேட்டைச் செலவிடும். அப்போது இல்லாத சுண்ணாம்பு இருப்பதாகக் கணக்கு காட்டும்.

இவ்வினையில் இரண்டு மூலக்கூறு பெர்மாங்கனேட், ஐந்து மூலக்கூறு ஆக்சலேட்டுடன் வினைபுரிகிறது. அதாவது 316 கிராம் பெர்மாங்கனேட், 280 கிராம் கால்சியம் ஆக்சைடுக்கு இணை. லிட்டருக்கு 3.16 கிராம் பெர்மாங்கனேட் கொண்ட கரைசலைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு மில்லி லிட்டரும் 2.8 மில்லி கிராம் ஆக்சைடைக் காட்டும்.

எடுத்துக்காட்டாக, 4 கிராம் வெளுத்த சுக்குத்தூளுக்கு 32 மில்லி லிட்டர் கரைசல் செலவானதாகக் கொள்வோம். ஆக்சைடின் அளவு 89.6 மில்லி கிராம். இதனை 4 கிராமால் வகுத்தால் 2.24 சதவிகிதம் கிடைக்கிறது. சரக்கு தேறியதாகத் தோன்றும். ஆனால் வரம்பு ஈரம் நீங்கிய எடைக்கு உரியது. தூளில் 12 சதவிகிதம் ஈரம் இருப்பின், உலர் எடை 3.52 கிராமே. இப்போது விடை சுமார் 2.55 சதவிகிதம், சரக்கு தேறவில்லை.

அளந்த சுண்ணாம்பு ஒன்றே. வகுத்த எடைதான் வேறு. ஈரத்தோடு கணக்கிட இடமளித்தால், சரக்கில் நீர் ஏற்றியே சுண்ணாம்பின் சதவிகிதத்தைக் குறைத்துக் காட்டிவிடலாம். விதி உலர் எடையை வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

ஈரத்தின் கணக்கு

ஆதலால் ஈரத்தையும் பிழையின்றி அளக்க வேண்டும். அடுப்பில் உலர்த்தி எடையிழப்பைக் காணும் எளிய முறை சுக்குக்குப் பொருந்தாது. சுக்கின் மணத்திற்குக் காரணமான ஆவியாகும் எண்ணெயின் ஒரு பகுதியும் நீருடன் வெளியேறி, அதுவும் ஈரமாகவே கணக்கில் ஏறும். 12 சதவிகித ஈரமுள்ள சரக்கில் எண்ணெய் 1 சதவிகிதம் வெளியேறினால், ஈரம் 13 என்று காட்டும். ஈரத்திற்கு அவ்விதிமுறைகள் அனுமதித்த உச்ச வரம்பு 12 சதவிகிதம். மணம் மிகுந்த நல்ல சரக்கே மணத்தின் காரணமாகத் தள்ளுபடியாகும் அநீதி இவ்வாறு நேரும்.

இதனைத் தவிர்க்க, தூளை டொலுவீனில் கொதிக்க வைப்பர். டொலுவீன் ஆவியுடன் வரும் நீராவி குளிர்ந்து, அளவு குறித்த கண்ணாடிக் குழாயின் அடியில் தனியே தேங்கும். எண்ணெய் டொலுவீனில் கரைந்துவிடுவதால் நீரின் அளவைப் பாதிப்பதில்லை. 40 கிராம் தூளிலிருந்து 4.8 மில்லி லிட்டர் நீர் தேங்கினால் ஈரம் 12 சதவிகிதம்.

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்பது பழமொழி. அந்த மருந்தின் தரத்தைக் காப்பதும், விளைவித்த உழவருக்கு நேர்மையான விலையை உறுதிசெய்வதும் துலாத்தட்டோடு முடிவதில்லை. பள்ளி ஆய்வகத்தில் ப்யூரெட்டைக் கையாளும் மாணவர், எதை அளந்தோம் என்பதோடு எதனால் வகுக்கிறோம் என்பதையும் கேட்டுப் பழக வேண்டும். ஒரு மூட்டைச் சரக்கு ஏற்கப்படுவதும் திருப்பப்படுவதும் அக்கேள்வியைப் பொறுத்ததாகும்.