புள்ளி தெரியாத தீம் எதற்கு?

திரையை அழகுபடுத்தப் போகிறேன் என்று உட்காருகிறவர்கள் முதலில் கை வைப்பது வால்பேப்பரில்தான். நாள் முழுக்கத் தமிழில் மெய்ப்புத் திருத்துகிற எனக்கு வால்பேப்பர் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கண்ணில் பட்டால் அதிகம். மற்ற நேரமெல்லாம் அதன்மேல் ஏதாவது ஒரு விண்டோ திறந்து கிடக்கும். என் கண் ஓயாமல் போய் வருவது பைல் பெயர்கள், மெனு, டேப் தலைப்புகள் மேல்தான். அதனால் நல்ல தீம் எது என்று யார் கேட்டாலும், எழுத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான் பயன்படுத்துவது லினக்ஸ், அதன்மேல் கேடிஇ பிளாஸ்மா. திரையில் தெரிகிற ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்ற விடுகிற டெஸ்க்டாப் அது. அந்த சுதந்திரத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. கேடிஇ ஸ்டோர் என்ற அதன் இணையக் கடையில் அழகழகான தீம்கள் குவிந்து கிடக்கும். மாதிரிப் படங்களில் இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. தமிழ் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அந்தப் படம் காட்டாது.

அதற்கு நான் வைத்திருக்கிற பரீட்சை எளிது. ஒரு ஃபோல்டர் திறந்து, உள்ளே சில காலி பைல்கள்: 'பல்', 'பல', 'தீர்வு', 'கூட்டம்', 'ஞாயிறு', 'ஸ்ரீ'. பைல் மேனேஜரைப் பட்டியல் வடிவத்துக்கு மாற்றி, ஐகானை மிகச் சிறிய அளவில் வைத்து, வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். 'பல்' என்பதன் புள்ளி தெரிகிறதா? 'தீ'யின் மேல்சுழி வரியின் உச்சியில் வெட்டுப்படுகிறதா? 'கூ'வின் வால் அடுத்த வரியை இடிக்கிறதா? ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த வரியில் தமிழுக்கு மேலேயும் இடம் போதாது, கீழேயும் போதாது. இந்தப் பரீட்சையில் தோற்ற தீம் எத்தனை கண்ணாடிப் பளபளப்போடு வந்தாலும் எனக்கு வேண்டாம்.

பல நேரங்களில் தீமையும் குறை சொல்ல முடியாது. அது கேட்கிற எழுத்துருவில் தமிழே இருக்காது. அப்போது கணினி வேறொரு எழுத்துருவிலிருந்து தமிழை இரவல் வாங்கிப் போடும். ஒரே பைல் பெயரில் 'அத்தியாயம்' தடித்தும், அதை ஒட்டியுள்ள ஆங்கிலச் சொல் மெலிந்தும் தெரிவதற்குக் காரணம் இதுதான். இரண்டும் ஒரே கையில் வரைந்தவையாக இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். எக் டைப் வெளியிட்ட முக்தா மலர், பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன் ஆகிய இரண்டிலும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கின்றன, இரண்டும் இலவசம். மெனுவுக்கு நான் வைத்திருப்பது முக்தா மலர். கூகுளின் நோட்டோ வரிசையில் 'நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ' என்று தனியாக ஒன்று உண்டு. மெனு, பட்டன் போன்ற குறுகலான இடங்களில் எழுத்து வெட்டுப்படாமல் இருக்கவென்றே உயரத்தை அடக்கிச் செய்தது. முக்தா மலர் இடிக்கிற இடத்தில் அது கைகொடுக்கும்.

பிளாஸ்மாவின் சிஸ்டம் செட்டிங்ஸில் எழுத்துருப் பக்கம் போனால் பொது எழுத்துரு 10 புள்ளியில் இருக்கும். அதை 11 அல்லது 12 ஆக்குங்கள். அங்கேயே ஹின்டிங் என்று ஒன்று இருக்கும்; அது 'ஃபுல்' என்றிருந்தால் 'ஸ்லைட்' ஆக்கிவிடலாம். நேர்கோடுகளைப் பிக்சல் கட்டத்தோடு ஒட்டவைக்கிற வேலை அது. 'ண', 'ஞ' போன்ற சுழிகளில் அதை முழுசாகப் பிரயோகித்தால் வளைவு நசுங்கிப் போகிறது. விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பிடி கிடையாது. அங்கே தமிழுக்கு நிர்மலா யூஐதான். ஆனால் அக்சஸிபிலிட்டி பகுதியில் எழுத்தின் அளவை மட்டும் 100 முதல் 225 சதவீதம் வரை கூட்டுகிற ஸ்லைடர் இருக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

டார்க் மோட் பற்றிக் கேட்பீர்கள். டெர்மினலுக்கு மட்டும் கறுப்பு. தமிழ் படிக்கிற எல்லா இடத்திலும் வெளிர் நிறம். கறுப்பில் வெள்ளை எழுத்து என் கண்ணுக்குக் கசிந்து, 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உங்கள் கண்ணுக்கு அப்படி இல்லாமலும் இருக்கலாம். தூய வெள்ளையும் கூசுகிறது என்றால், நிறத் திட்டத்தைத் திருத்தி, பின்னணியைக் கொஞ்சம் பழுப்பேறிய தாளின் நிறத்துக்குக் கொண்டுவரலாம்.

பேனலை இடப்பக்கம் தள்ளியதில் கிடைத்த லாபம் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. 1920க்கு 1080 திரையில் அகலம் தாராளம், உயரம்தான் பஞ்சம். படிக்கிற பக்கமோ நெடுக்காக இருக்கிறது. கீழேயிருந்த பட்டையை ஓரமாக நிறுத்தினால் கூடுதலாக ஒரு வரி, சில நேரம் இரண்டு வரி கிடைக்கும். விண்டோஸ் 11, 2021இல் வந்தபோது இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

தெரிந்த தம்பி ஒருவன் வந்து என் திரையைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கு" என்றான். அவன் திரையில் ஜன்னல்கள் ஆடும், கனசதுரம் சுழலும், பேனலுக்குப் பின்னால் மலை தெரியும். அந்த மலைக்கு மேல் மணி என்ன என்று படிக்க அவனே கண்ணைச் சுருக்குகிறான். அனிமேஷன் வேகத்தை நான் கிட்டத்தட்ட உடனடி என்ற முனைக்கே தள்ளி வைத்திருக்கிறேன். நாளைக்கு நூறு தடவை ஜன்னல் மாற்றுகிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் அது மிதந்து வருவதைப் பார்க்கப் பொறுமை இருக்காது.

அவனிடம் ஒன்றை மட்டும் கறாராகச் சொன்னேன்: 'குளோபல் தீம்' என்று வருவதை யோசிக்காமல் இறக்காதே. நிறத் திட்டம் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. ஐகான் தொகுப்பு வெறும் படங்கள். குளோபல் தீமுக்குள்ளோ இயங்குகிற நிரலும் இருக்கலாம். 2024 மார்ச்சில் கேடிஇ ஸ்டோரிலிருந்து இறக்கிய ஒரு குளோபல் தீம், ஒருவருடைய சொந்த பைல்களையெல்லாம் அழித்துவிட்டது. கேடிஇ தரப்பே வெளிப்படையாக எச்சரிக்கை விடுத்தது. போட்டே ஆக வேண்டுமென்றால், தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, டெஸ்க்டாப் அமைப்பை மாற்றும் டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பார்த்துப் பார்த்து அடுக்கிய பேனல் காணாமல் போகும்.

என் கணினியில் 'சோதனை' என்ற பெயரில் தனியாக ஒரு பயனர் கணக்கு இருக்கிறது. புதிதாக எதுவும் முதலில் அங்கேதான் போகும். பிடிக்காவிட்டால் கணக்கையே அழித்துவிடலாம். என் கணக்கில் மாற்றுவதற்கு முன்னால், ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கிற கான்ஃபிக் ஃபோல்டரைத் தேதி போட்டு நகலெடுத்துக்கொள்வேன்.

இவ்வளவும் செய்து முடித்தபிறகும் ஃபயர்பாக்ஸ் பக்கங்களில் பழைய தமிழ் எழுத்தே வரக்கூடும். டெஸ்க்டாப்புக்குச் சொன்னது அதன் காதில் விழாது. அதன் செட்டிங்ஸில் எழுத்துருவுக்கு 'அட்வான்ஸ்ட்' பட்டனை அழுத்தினால், எந்த எழுத்துமுறைக்கு என்று ஒரு பட்டியல் வரும். அதில் தமிழைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவையும் குறைந்தபட்ச அளவையும் அங்கே தனியாகக் கொடுக்க வேண்டும்.