காலமும் குருதியும்

நுழையும்முன்

விபத்தில் காயமுற்றவரைக் காப்பதில் மருந்துக்கு உள்ள பங்கு காலத்துக்கும் உண்டு. விலை குறைந்த மருந்து ஒன்று, கண்டறியப்பட்டு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே விபத்துக் காயங்களுக்கு உகந்ததென மெய்ப்பிக்கப்பட்டது. அதன் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உறைதலும் கரைதலும்

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதி உள்ளது. காயம் பட்டவுடன் குருதித் தட்டணுக்கள் அவ்விடத்தில் திரள்கின்றன. ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலைபோல் பின்னிக் குருதியை உறையச் செய்கின்றன. காயம் ஆறியபின் அவ்வலையைக் கரைப்பதற்குப் பிளாஸ்மின் என்னும் நொதி உடலில் உண்டு. பெருங்காயம் பட்டோர் பலருக்கு இந்நொதி காலத்திற்கு முன்பே மிகுதியாகச் செயல்படத் தொடங்குகிறது. உடல் ஒருபுறம் அணை கட்ட, மறுபுறம் அவ்வுடலே அதனை உடைக்கிறது.

ஒகமோட்டோ இணையரின் ஆய்வு

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஆய்வுப் பொருள்கள் அரிதாக இருந்தன. மருத்துவ அறிவியலாளர் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர்தம் கணவர் ஷோசுகேவும் குருதியைத் தம் ஆய்வுப் பொருளாகத் தேர்ந்தனர். போதவில்லையெனில் தம் குருதியையே பயன்படுத்தலாம் என்பது அவர்கள் எண்ணம். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு உட்டாகோ ஆய்வகத்தில் உழைத்தார். உறைந்த குருதி கரைவதைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை 1962இல் அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். மகப்பேற்றின்போது குருதிப்போக்கால் இறக்கும் தாய்மாரை அது காக்க வேண்டும் என உட்டாகோ விரும்பினார். ஆயினும், அதற்கான சோதனைக்கு மருத்துவர்களை அவரால் இணங்கச் செய்ய இயலவில்லை.

மூன்று மணி நேரம்

விபத்துக் காயங்களில் இம்மருந்தின் பயனை அறியும் பேராய்வு, 'கிராஷ்-2' என்னும் பெயரில் நிகழ்ந்தது. இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் 20,211 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினர் மருந்தையும் மற்றவர் மருந்தற்ற கரைசலையும் பெற்றனர். யார் எதைப் பெற்றார் என்பதை நோயாளரோ மருத்துவரோ அறியார். 2010இல் முடிவுகள் வெளிவந்தன. மருந்து பெறாதோரில் 16.0 விழுக்காட்டினரும் பெற்றோரில் 14.5 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயிரம் பேருக்குப் பதினைந்து உயிர்கள் என எண்ணினால் அதன் பெருமை விளங்கும்.

மறு ஆண்டு வெளிவந்த பகுப்பாய்வு மற்றோர் உண்மையை உணர்த்தியது. காயமுற்ற ஒரு மணி நேரத்துக்குள் அளித்தபோது பயன் மிகுந்தது. மூன்று மணி நேரத்துக்குப் பின் அளித்தபோதோ, குருதிப்போக்கால் நேர்ந்த இறப்பு கூடுதலாகக் காணப்பட்டது. ஒரே மருந்து, காலம் தவறினால் காவாது போகிறது. 2011இல் உலகச் சுகாதார நிறுவனம், காயக் குருதிப்போக்கிற்கு உரிய இன்றியமையா மருந்தாக இதனை ஏற்றது.

2016இல் தம் 98ஆம் வயதில் உட்டாகோ மறைந்தார். 20,060 தாய்மாரிடம் நிகழ்த்தப்பட்ட பேறுகால ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. மூன்று மணி நேரத்துக்குள் அளிக்கப்பட்ட மருந்து, குருதிப்போக்கால் நேரும் இறப்பைக் குறைத்தது. அவர் விரும்பிய விடையை அவர் காணவில்லை. தாய்மார் அதன் பயனைப் பெறுகின்றனர்.

நம் கடமை

இம்மருந்தை அளிப்பது மருத்துவர் பணி. அவரிடம் சேரும்வரை காலத்தைக் காப்பது அருகிலிருப்போர் பணி. தூய துணியால் காயத்தை விடாது அழுத்துக. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர். 108 எண்ணை உடனே அழைக்க. ஆய்வகத்தில் தோன்றிய அறிவு, காலத்தே சென்று சேரும்போதுதான் உயிர் காக்கிறது.

சிந்தனை வினாக்கள்

1. பிளாஸ்மினின் செயல் எப்போது நன்மையாகவும் எப்போது தீமையாகவும் அமைகிறது?
2. யார் மருந்து பெற்றார் என்பதை மருத்துவருக்கும் மறைத்ததன் காரணம் யாதாக இருக்கலாம்?