கடற்கரை மணலும் சீதோஷ்ண மாறுதலும்

நாளை மழை உண்டா என்பதையே சில சமயம் தவறாகக் கூறும் விஞ்ஞானிகள், ஐம்பது வருஷங்களுக்குப் பின் பூமியின் உஷ்ணம் எவ்வளவு உயரும் என்று எவ்விதம் கணிக்கக்கூடும்? குடியானவர் எவருக்கும் இக்கேள்வி எழுவது நியாயமே. இதற்கு விடை இராயபுரம் கடற்கரையில் கிடைக்கிறது.

நமது கரையோரத்தில் அலைகள் மணலை வருஷத்தின் பெரும்பகுதி வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக் காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் தள்ளுகின்றன. வருஷ முடிவில் மிஞ்சுவது வடக்கு நோக்கிய ஓட்டமே. ஓர் அலை ஒரு மணலை எங்கே எறியும் என்று எவராலும் சொல்ல இயலாது. 1875-இல் சென்னைத் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பத் தொடங்கினர். (1881-ஆம் வருஷப் புயல் அவற்றைத் தகர்த்தமையால் திரும்பக் கட்டவேண்டியதாயிற்று.) அலைகள் என்னவோ முன்போலவே மனம்போனபடி அடித்தன. ஆயினும் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டு, வீடுகளும் சாலையும் கடலுக்கு இரையாயின. கல்லைக் கொட்டி ஓரிடத்தில் தடுத்தால், அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது.

ஆகாயமும் சமுத்திரமும் இத்தகையனவே. பல பாகங்கள் ஒன்றையொன்று பாதித்து இயங்கும் இவற்றைப் பௌதிக சாஸ்திரிகள் சிக்கலமைப்புகள் என்பர். நாம் ஆகாயத்தில் எழுப்பும் சுவர் கரியமிலவாயு. யந்திரத் தொழில்கள் பெருகுமுன் பத்து லக்ஷத்தில் சுமார் 280 பங்காயிருந்த அவ்வாயு, இன்று 420 பங்குக்கு மேற்பட்டுவிட்டது. அது இரட்டித்தால் உஷ்ணம் ஏறக்குறைய 2 டிகிரி உயரும் என்று ஸ்யூகுரோ மனாபே 1967-இல் ஒரு சகாவுடன் கணித்தார். ஒரு டிகிரி சூடேறிய காற்று நூற்றுக்குச் சுமார் 7 பங்கு அதிக நீராவியைத் தாங்கும். அந்நீராவியும் உஷ்ணத்தைப் பிடித்து வைக்கும். விளைவே மறுபடி காரணமாகிறது! அன்றாடக் காற்றின் ஏற்றத்தாழ்வுகள் சமுத்திரத்தில் சேர்ந்து நெடுங்கால மாறுதல்களாக வெளிப்படுவதை 1976-இல் ஜெர்மனியரான கிளாஸ் ஹாஸெல்மன் விளக்கினார். இயற்கையின் ஊசலாட்டத்தினின்று மனிதன் செய்ததைப் பிரித்தறியவும் வழி கண்டார். இவ்விருவரும், இத்தாலியரான ஜியோர்ஜியோ பாரீஸியும் 2021-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆகவே, 2015 டிசம்பர் வெள்ளத்தையோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையையோ கரியமிலவாயு ஒன்றின் தலையில் சுமத்துதல் பிழை. அவ்விரு வருஷங்களிலும் பஸிபிக் சமுத்திரத்தில் எல்நினோ இருந்தது. ஆனால் பெருமழைக்கான வாய்ப்பு கூடிவருவது மெய். கொசஸ்தலையாற்று வெள்ளம் எண்ணூர்க் கழிமுகத்தின் வழியே வடியவேண்டும்; அக்கழியோ அனல்மின் நிலையச் சாம்பலாலும் வண்டலாலும் தூர்ந்திருக்கிறது. மதகுகளுக்கும் வடிகால்களுக்கும் பழைய மழைக்கணக்கை மாத்திரம் நம்பி அளவு வகுத்தல் இனிப் போதாது. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்துக் கிராம உத்தியோகஸ்தர்கள், சம்பா வயலில் வெள்ளம் எத்தனை அடி, எத்தனை நாள் நின்றது என்பதை வருஷந்தோறும் தேதியுடன் குறித்து வைத்தல் நலம்.